சட்டையை எங்கே மாட்டுவது?

போன வாரம் உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். உப்பளத்து மூன்றாம் கிளை லைனின் சுவிட்ச் கம்பம். அதில் நாங்கள் பொருத்திய மோட்டார் பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் நெஞ்சு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கொக்கியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். "சார், இது எதுக்கு? புதுசா வர்ற பாக்ஸ்ல இதுக்கு இடமே இல்ல. எடுத்துடலாமா?" என்று கேள்வி. கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

"எடுக்காதே" என்று மட்டும் பதில் போட்டேன். காரணத்தை அந்தக் குட்டித் திரையில் தட்டிக்கொண்டிருக்க என் கட்டைவிரலுக்குப் பொறுமை கிடையாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் நிறைய, கேட்பதற்கு ஆள் குறைவு. நீங்களாக வந்து மாட்டிக்கொண்டீர்கள், அனுபவியுங்கள்.

மரக்காணம் மின்வாரியப் பிரிவுக்கு வந்து ஒரு மாதம் ஆனவர்களுக்கு இங்குள்ள தொல்லை தெரிந்திருக்கும். தை, மாசியில் விடியற்காலையில் பனி இறங்கும். கம்பத்து உச்சியில் பீங்கான் இன்சுலேட்டர்களின் மேல் படிந்திருக்கும் உப்புத்தூள் நனையும். நனைந்ததும் மின்சாரத்துக்குப் போகக் கூடாத இடத்தில் ஒரு வழி கிடைத்துவிடும். முதலில் 'ஸ்ஸ்' என்று ஒரு சீறல், பிறகு பட்டென்று ஒரு வெடிப்பு, சப்ஸ்டேஷனிலிருந்து வரும் ஃபீடர் லைனே போய்விடும். உப்பளத்தில் மோட்டார் போட்டுப் பாத்திக்குத் தண்ணீர் விடும் நேரமும் அதுதான். அப்புறம் நமக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் 'வணக்கம்' என்ற சொல் இருக்காது.

அந்தக் காலத்தில், அந்தக் காலம் என்றால் ஏதோ வெள்ளைக்காரன் காலம் இல்லை, உங்களுக்குக் கொஞ்சம் முன்னால், பழுது எந்தக் கிளையில் என்று கண்டுபிடிக்க லைன்மேன்தான் போக வேண்டும். உப்பளத்துக்குள் போகும் கிளை ஒவ்வொன்றுக்கும் தொடக்கத்தில் ஒரு சுவிட்ச் கம்பம். உச்சியில் லைனைத் துண்டிக்கிற மூன்று கத்திகள், அவற்றைத் திறந்து மூட ஒரு நீளக் குழாய், குழாயின் கீழ் முனையில் ஒரு இரும்புக் கைப்பிடி. கைப்பிடியை இழுத்துக் கத்தியைத் திறந்து, சப்ஸ்டேஷனுக்குச் சொல்லி, ஃபீடரை சார்ஜ் பண்ணி, அதாவது மின்சாரம் விட்டுப் பார்த்து, நிற்கவில்லை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த கிளைக்குப் போக வேண்டும். வரப்பு மேல் வண்டி ஓட்டியவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

நான் அப்போது உதவி செயற்பொறியாளர். ஒரு நாள் பொம்மையார்பாளையத்தில் உறவினர் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். பக்கத்து பங்களாவுக்கு ஒரு கார் வந்தது. யாரும் இறங்கவில்லை. கேட் தானாக நகர்ந்து வழிவிட்டது. அவ்வளவு கனமான கேட்டை அடியில் இருந்த ஒரு சின்ன மோட்டார் இழுத்துக்கொண்டு போனது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். கார் போய், கேட் மூடி, மறுபடி இன்னொரு கார் வரும்வரை நின்றேன்.

"பந்தி முடியப் போவுது. நீங்க எவன் வீட்டு கேட்டையோ பாத்துட்டு நிக்கிறீங்க" என்று என் மனைவி வந்து சட்டையைப் பிடித்து இழுத்துப் போனாள். சாப்பிட்டது என்ன என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. கேட்டை இழுக்கிற மோட்டார் சுவிட்சின் குழாயை இழுக்காதா என்ற ஒரே நினைப்புதான்.

இழுத்தது. எளிதாக இல்லை, நாலு மோட்டார் புகைந்த பிறகு இழுத்தது. கேட் மோட்டார், ஒரு பேட்டரி, சூரியத் தகடு ஒன்று, சிம் கார்டு போட்ட ஒரு சின்னப் பலகை, எல்லாவற்றையும் அடைக்க ஒரு ஃபைபர் பெட்டி. என் போனில் தட்டினால் அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் கத்தி திறக்கும், மூடும். எந்தக் கிளையில் பழுது என்று போனே சொல்லும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். நான் அந்தப் பெட்டியைத் துடைத்த துணியால் என் வண்டியைக்கூடத் துடைத்ததில்லை.

இனி பாய். எங்கள் பிரிவின் மூத்த லைன்மேன். கோட்டக்குப்பத்திலிருந்து தினமும் வண்டியில் வருவார். பெயரைப் போட்டால் "நம்மள எதுக்கு சார் எழுத்துல இழுக்குறீங்க" என்று சண்டைக்கு வருவார் என்பதால் பாய் என்றே சொல்கிறேன். எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். வேலையில் அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. சுவிட்சைத் திறந்து, கைப்பிடியைப் பூட்டியதும், காக்கிச் சட்டையைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டுவார். பனியனோடு கம்பம் ஏறுவார். இறங்கி வந்து சட்டையை எடுத்துப் போட்டு, மேல் பொத்தான் வரை மாட்டிய பிறகுதான் 'சார்ஜ் பண்ணலாம்' என்று சொல்வார்.

இதைப் பாயிடமிருந்து உப்பளத்தில் வேலை செய்த மற்ற லைன்மேன்களும் பழகிக்கொண்டார்கள். காரணம் இருந்தது. இங்கே எச்சரிக்கைப் பலகை வைத்தால் ஒரே பருவத்தில் எழுத்தைக் காற்று தின்றுவிடும். பூட்டு ஒரு மாதத்தில் கையோடு வரும். சட்டை மட்டும்தான் அன்றன்றைக்குப் புதிது. உப்பளத்தில் வேலை செய்கிற ஆணுக்கும் பெண்ணுக்கும் அது தெரியும். தண்ணீர் விடும் அவசரத்தில் ஒரு அளத்துக்காரர் தன் ஆளை அனுப்பி, 'போய் நீயே சுவிட்சைப் போட்டுட்டு வா' என்றாராம். அனுப்பப்பட்டவர் சட்டையைப் பார்த்துவிட்டுக் கம்பத்தடியிலேயே குந்திவிட்டார், பாய் இறங்கும்வரை. சட்டை தொங்கினால் ஆள் மேலே இருக்கிறான். போட்டவன்தான் எடுக்க வேண்டும். வேறு யார் கையும் படக்கூடாது.

என் பெட்டியைப் பொருத்தியபோது அந்தக் கைப்பிடிகளை எடுத்துவிட்டேன். கைப்பிடி இருந்தால் எவனாவது கையால் இழுத்து என் மோட்டாரின் பல்லை உடைப்பான் என்ற பயம். அவசரத்துக்குக் கையால் திறக்கப் பெட்டிக்குள் ஒரு சாவி வைத்தேன். மூன்றாம் கிளையில் பொருத்தி முடித்ததும் பாய் கம்பத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார்.

"எல்லாம் நல்லா இருக்குது சார். சட்டைய எங்க மாட்றது?"

நான் பெருமையின் உச்சியில் இருந்தேன். நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. "வீட்டு ஆணியில மாட்டிட்டு வாங்க பாய். இனிமே பனியனோட வந்தாப் போதும்" என்றேன். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். சிரித்துவிட்டு, கைப்பிடி இருந்த இடத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

சட்டைக்குப் பதிலாக நான் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். கம்பம் ஏறும் முன் லைன்மேன் என்னைக் கூப்பிட வேண்டும். நான் போனில் 'ஆள் இருக்கிறார்' என்று ஒரு குறி போடுவேன். குறி இருக்கும்வரை அந்த சுவிட்ச் மூடாது. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் சட்டையைவிட ஆயிரம் மடங்கு சிறந்த ஏற்பாடு. ஆறு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. உப்பளத்துக்காரர்கள் என்னைப் பார்த்தால் இளநீர் வெட்ட ஆரம்பித்தார்கள். செய்தி மேலே போனது. தலைமைப் பொறியாளரே நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தபோது எனக்குத் தலை கால் புரியவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக, உப்பு அம்பாரம் குவித்திருக்கும் மேட்டில் பந்தல் போட்டோம். மாசி மாதக் காலை, ஒன்பது மணி இருக்கும். அங்கிருந்து பார்த்தால் பாத்திகளுக்கு நடுவே மூன்றாம் கிளையின் சுவிட்ச் கம்பம் தெரியும். அதைத் தாண்டிக் கிளை ஒரு சவுக்குத் தோப்புக்குப் பின்னால் போய் மறைந்துவிடும். என் போனில் தெரிவது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று ஒரு பெரிய டி.வி.யை வைத்து இணைத்திருந்தேன். நடுவில் எவனாவது கூப்பிட்டால் அவன் பெயரும் டி.வி.யில் வரும். என் மைத்துனன் பெயரை நான் எப்படிச் சேமித்து வைத்திருக்கிறேன் என்பது தலைமைப் பொறியாளருக்குத் தெரிய வேண்டியதில்லை. அதனால் அழைப்பு எதுவும் வராதபடி போனை அடைத்து வைத்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். லைன்மேன் உயிருக்குக் காவல் என்று நான் வைத்த ஒரே வழி அந்தப் போனுக்கு வரும் அழைப்பு. அதை நானே என் கையால் அடைத்தேன், என் மைத்துனனுக்கு வெட்கப்பட்டு.

தலைமைப் பொறியாளர் வந்து உட்கார்ந்தார். நான் பேச ஆரம்பித்தேன். முதல் கிளையைத் திறந்து மூடிக் காட்டினேன். இரண்டாம் கிளையையும் காட்டினேன். கைதட்டினார்கள். மூன்றாவதற்கு வந்தபோது டி.வி.யில் அது ஏற்கெனவே 'திறந்திருக்கிறது' என்று காட்டியது. நான் திறக்கவில்லை.

"ஏம்பா, மூணாவது ஏன் ஓப்பன்ல இருக்குது?" என்றார் தலைமைப் பொறியாளர்.

கம்பத்து உச்சியில் வைத்த சென்சார் இரண்டு தடவை உப்புப் படிந்து பொய் சொல்லியிருந்தது. இப்போதும் அதுதான் என்று நினைத்தேன். அதைச் சொல்லியிருக்கலாம். 'சார், ஏன்னு தெரியல, பாத்துட்டு வர்றேன்' என்று ஐந்து வார்த்தை. கைதட்டல் காதில் இருக்கும்போது அந்த ஐந்து வார்த்தை வராது. "டெமோவுக்காக நான்தான் சார் ஓப்பன் பண்ணி வெச்சிருக்கேன். இப்ப குளோஸ் பண்றேன் பாருங்க" என்று ஒரு பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. என் பெட்டி பொய் சொல்கிறது என்பதை மறைக்க நான் பொய் சொன்னேன்.

'சார்ஜ் செய்யவா? ஆம். இல்லை.' டி.வி.யில் பெரிய எழுத்தில் கேள்வி நின்றது. கட்டைவிரலைப் போனுக்கு மேலே வைத்துக்கொண்டு, "அங்க பாருங்க சார், கத்தி மூடறது இங்கிருந்தே தெரியும்" என்று கம்பத்தைக் காட்டினேன். எல்லோரும் திரும்பினார்கள். நானும் திரும்பினேன்.

கம்பத்தடியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். உப்பு வாருகிற நேரத்தில் உப்பளத்தில் நிற்கிறவர்கள் கிடையாது. பலகை போகும் வரும், கூடை போகும் வரும். சுற்றிலும் எல்லோரும் அசைந்துகொண்டிருக்க, அவள் மட்டும் அசையவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே தூக்கியிருந்தாள். கையில் ஏதோ துணி.

"யாருங்க அது, ஏன் அப்படி நிக்கிறாங்க?" என்று பக்கத்தில் நின்ற உப்பள மேஸ்திரியிடம் கேட்டேன்.

அவர் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார். "நம்ம தனம் சார். கையில பாய் சட்ட மாதிரி இருக்குது." ஒரு நொடி விட்டு, "அப்ப பாய் மேல இருக்குறாரு" என்றார்.

என் விரலுக்கும் 'ஆம்' என்ற சொல்லுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருந்தது என்று சரியாகத் தெரியாது. ஒரு அரிசி நுழைந்திருக்கும். அந்த விரலை எடுத்தபோது அது என்னுடையதாக இல்லை.

போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். மேஸ்திரியின் போனை வாங்கி சப்ஸ்டேஷனைக் கூப்பிட்டு, ஃபீடரையே நிறுத்தச் சொன்னேன். டி.வி. அணைந்தது. விசிறி நின்றது.

"என்னப்பா, வேலை செய்யலையா?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"செய்யுதுங்க சார். லைன்ல ஆள் இருக்கார். நான் ஓப்பன் பண்ணேன்னு சொன்னது பொய். யார் ஓப்பன் பண்ணாங்கன்னு தெரியாமத்தான் குளோஸ் பண்ணப் பாத்தேன்."

அவர் என்னையே பார்த்தார். கோபத்துக்குத் தயாராக நின்றேன். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "ஆள் எறங்கட்டும். நான் உக்காந்திருக்கேன். நீ போ" என்றார்.

வரப்பின் மேல் ஓடினேன். அந்த நாளுக்கென்று வாங்கிய புது ஷூ சேற்றில் ஒன்று, வரப்பில் ஒன்று என்று போனது. தனத்துக்கு நாற்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. கையில் பாயின் காக்கிச் சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. உப்புத்தண்ணீர் அவள் கை வழியே தோள் வரை வழிந்திருந்தது. மூச்சு வாங்க நின்று, "குடும்மா, நான் புடிச்சிக்கிறேன்" என்று கையை நீட்டினேன்.

அவள் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டாள். "உங்ககிட்ட தரமாட்டேன் சார். சுவிட்ச் போட்றவரே நீங்கதான? பாய் எறங்கட்டும், அவருகிட்ட குடுக்குறேன்."

அவள் சொன்னது சரி. நானும் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

நின்றபடியே கேட்டுத் தெரிந்துகொண்டேன். பாய் வந்து பெட்டிக்குள் இருந்த சாவியால் சுவிட்சைத் திறந்திருக்கிறார். சட்டை மாட்டக் கைப்பிடி இல்லாததால் பெட்டியின் பூட்டு வளையத்தில் சட்டையின் கையைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டுத் தோப்புக்குப் பின்னால் போயிருக்கிறார். கடல் காற்று அதை அவிழ்த்துப் பாத்தியில் போட்டுவிட்டது. உப்பு வாரிக்கொண்டிருந்த தனம் தண்ணீரில் சட்டை மிதப்பதைப் பார்த்து எடுத்திருக்கிறாள்.

"திரும்ப மாட்டலாம்னு பாத்தேன், எடமே இல்ல. கீழ வெச்சா எவனுக்குத் தெரியும்? அதான் கையில புடிச்சிட்டு நின்னேன்."

"எவ்ளோ நேரமா?"

"நேரம் எவன் பாத்தான்? கை மரத்துப் போச்சு" என்றாள். அப்போதும் கையை இறக்கவில்லை.

பாய் தோப்பைச் சுற்றிக்கொண்டு வந்தார். பனியன், தோளில் கயிறு. என்னையும் தனத்தையும் ஷூ இல்லாத என் சேற்றுக் கால்களையும் பார்த்ததும் அவருக்குப் பாதி புரிந்துவிட்டது. தனம் கையை இறக்கிச் சட்டையைக் கொடுத்தாள். கொடுத்த பிறகு தன் தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு கம்பத்தில் சாய்ந்தாள்.

"மூணு தபா கூப்ட்டேன் சார். நீங்க எடுக்கல" என்றார் பாய்.

"ஏன் பாய் போனீங்க? இன்னைக்கு யாரும் லைன்ல ஏறக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

"காலைல இந்தப் பக்கம் வந்தேன். தோப்பாண்ட நாலாவது கம்பத்துல சீறுது. நீங்க பெரிய ஆபீசர வெச்சிட்டுப் பேசிட்டிருக்க சொல்ல பட்டுனு ட்ரிப் ஆனா, உங்களுக்கு எவ்ளோ அசிங்கம்? துடைச்சிட்டு வந்துடலாம்னு போனேன். சுவிட்சு ஓப்பன்ல இருக்குறது உங்க போன்ல தெரியும்ல, பாத்துப்பீங்கன்னு நெனச்சேன்."

வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த வரப்பில் நின்று அழுதேன். என் மானம் போகக்கூடாதென்று ஒருவர் கம்பம் ஏறியிருக்கிறார். அதே மானம் போகக்கூடாதென்று நான் அவரைக் கொல்லப் பார்த்திருக்கிறேன். பாய் ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மேல் பொத்தான் வரை மாட்டிவிட்டு, "விடுங்க சார், அல்லா காப்பாத்திட்டான். தனமும்தான்" என்றார்.

உங்களில் கெட்டிக்காரர்கள் உடனே கேட்பீர்கள், தப்பி மின்சாரம் வந்தாலும் நிலத்துக்குள் போய்விடும்படி லைனை எர்த் பண்ணிவிட்டுத்தானே ஏறியிருப்பார் என்று. பண்ணியிருந்தார். பிறகு நாங்கள் போய் அந்த எர்த் கம்பியைப் பிடித்து இழுத்தோம். நிலத்தில் புதைந்த முனை உப்பில் அரித்துக் கையோடு வந்துவிட்டது. வெளியே பார்த்தால் முழுக் கம்பி. பாய் அதை ரொம்ப நேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவருக்கும் எனக்கும் மெமோ வந்தது. சொல்லாமல் ஏறியது அவர் தப்பு, என் தப்புகளுக்கு ஒரு பக்கம் போதவில்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும்? தலைமைப் பொறியாளர் கிளம்பும்போது காரில் ஏறாமல் நின்று, "அந்தக் கைப்பிடிய ஏன்பா எடுத்த?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். "அவங்க சட்டைய எங்க மாட்டுவாங்க?" என்றார். வெளியூரிலிருந்து வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்கத் தோன்றிய கேள்வி. என்னிடம் ஆறு மாதத்துக்கு முன்பே கேட்கப்பட்ட கேள்வி.

அதன் பிறகு செய்ததுதான் அந்தக் கொக்கி. படகுப் பட்டறையில் துருப்பிடிக்காத எஃகில் அடித்து வாங்கினோம். கொக்கியைக் கீழே அழுத்தினால்தான் அதில் சட்டையின் காலரை மாட்ட முடியும். மாட்டியதும் ஒரு தாழ் விழுந்து காலரைப் பிடித்துக்கொள்ளும். கொக்கி கீழே இருக்கும்வரை பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் வயரே துண்டாகி நிற்கும். போனில் நான் தட்டினாலும், தலைமைப் பொறியாளரே தட்டினாலும், 'ஆள் இருக்கிறார்' என்று திரையில் வருமே தவிர, கத்தி அசையாது. எந்த சிக்னலையும் நம்பி அது இல்லை.

முதல் கொக்கியைத் தனத்திடம்தான் காட்டினோம். சட்டையை மாட்டி, காற்றுக்கு எதிரே நின்று இழுத்துப் பார்த்து, "இது புடுங்கிக்கும்" என்றாள். தாழை மாற்றினோம். இரண்டாவதையும் இழுத்துப் பார்த்தாள், அதுவும் போனது. மூன்றாவதை இரண்டு கையாலும் தொங்கி இழுத்தாள். "ம், இது நிக்கும்" என்றாள். நம் துறையில் எந்தச் சோதனைச் சான்றிதழும் எனக்கு அதைப்போல் நிம்மதி தந்ததில்லை. வரைபடத்தை அனுப்பியபோது, 'சட்டைக் கொக்கி' என்ற பெயர் தொழில்நுட்பப் பெயர் ஆகாது என்று திருப்பி அனுப்பினார்கள். 'பணியாளர் இருப்புத் தாழ்' என்று மாற்றி எழுதினேன், ஏற்றுக்கொண்டார்கள். உப்பளத்தில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். இது பாய் ஓய்வு பெற்ற நாள்.

அன்றும் காலையில் மூன்றாம் கிளைக்குப் போய் இன்சுலேட்டர் துடைத்துவிட்டுத்தான் வந்தார். 'கடைசி நாளு, எதுக்கு பாய்' என்றால் கேட்கவில்லை. அவர் கம்பத்திலிருந்து இறங்கியதும், விழாவுக்கு நேரமாகிறது என்று எங்கள் பையன்கள் அங்கேயே பூ மாலையைப் போட்டு, அவருக்கென்று எடுத்த புது வெள்ளைச் சட்டையை மாட்டி, ஜீப்பில் ஏற்றி அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பேச்சு, சால்வை, பிரியாணி, அழுகை எல்லாம் முறைப்படி நடந்தது. மதியம் குடும்பத்தார் வேனில் வந்து அழைத்துப் போனார்கள்.

வேலை முடிந்தது, கிளையை சார்ஜ் பண்ணலாம் என்று, விழா அமளியில் எனக்கு அப்போதுதான் தகவல் வந்தது. போனில் தட்டினேன். 'ஆள் இருக்கிறார்' என்றது. மறுபடி தட்டினேன். 'ஆள் இருக்கிறார்.' வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கொக்கியில் பாயின் காக்கிச் சட்டை.

சுற்றிலும் மோட்டார் ஓடாமல் அளத்துக்காரர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். கம்பத்தடியில் எங்கள் புது லைன்மேன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"எடுப்பா அத" என்றேன்.

"பாய் சட்ட சார்."

"பாய் ரிட்டையர் ஆயிட்டாருப்பா. நாமதான அனுப்பி வெச்சோம்."

"அப்ப நீங்களே எடுங்க சார்" என்றான்.

எடுத்திருக்கலாம். பாய் என் கண் முன்னால்தான் வேனில் ஏறினார். கொக்கிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கை நீளவில்லை. பாத்தியில் நின்ற தனம், "ஏன் சார், ரிட்டையர் ஆயிட்டா ஆளு இல்லன்னு ஆயிடுமா? கூப்புடுங்க அவர" என்றாள். அளத்துக்காரர்களும் அதில் ஒன்றும் தப்பில்லை என்பதுபோல் வரப்பில் குந்திக்கொண்டார்கள்.

பாயைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது தடவையும் எடுக்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து மகனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு வந்தார். வெள்ளைச் சட்டையில் மாலையின் ரோஜா இதழ் ஒன்று ஒட்டியிருந்தது. வீட்டில் பையைத் திறந்து காக்கியைத் தேடியபோதுதான் நினைவு வந்ததாம். எங்களில் யாரையும் பார்க்காமல் நேரே கம்பத்துக்குப் போனார். தாழைத் தூக்கி, சட்டையை எடுத்து, அந்த வெள்ளைச் சட்டைக்கு மேலேயே அதைப் போட்டார். ஒவ்வொரு பொத்தானாக, மேல் பொத்தான் வரை மாட்டினார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"போன் சால்வைக்கு அடியில மாட்டிக்கிச்சு சார். மூணு தபா கூப்ட்டீங்களா?"

"மூணு தபா கூப்ட்டேன் பாய். நீங்க எடுக்கல."

அவர் சிரித்தார். "இப்ப சார்ஜ் பண்ணுங்க சார்" என்றார்.